எட்டு வாய்க்குப் புல்

பிப்ரவரி 4

நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று உன் அண்ணன் சொன்னார். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நீ கத்துவாய், நானும் கத்துவேன், மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி வைத்துவிடுவோம். காகிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காய்ந்த புல் இப்போது குதிரைக்கொம்பாகிவிட்டது. எட்டுக் குதிரை வைத்திருப்பவள் இதைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். நான் சிரித்து மூன்று வாரம் ஆகிறது. போன வருடம் நூற்றிருபதுக்கு வாங்கிய கட்டு இப்போது முந்நூறு. வழக்கமாகப் புல் போடும் வியாபாரி, "அக்கா, வேணும்னா இன்னைக்கே எடுத்துக்கோங்க, நாளைக்கு வெல எனக்கே தெரியாது" என்கிறான். மழை பொய்த்ததால் மாட்டுப் பண்ணைக்காரர்கள் எல்லாம் முந்திக்கொண்டு லாரி லாரியாக அள்ளிப் போய்விட்டார்கள். தவிடும் ஏறிவிட்டது, கொள்ளும் ஏறிவிட்டது.

கொட்டகையில் இருநூற்று முப்பது கட்டு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து கட்டு. ஆக, நாற்பத்தாறு நாள். மழை பெய்து நம் மேய்ச்சல் வெளியில் புல் முளைக்க ஜூன் ஆகும். நடுவில் இரண்டரை மாதம் எட்டுக் குதிரையும் காற்றைத்தான் தின்ன வேண்டும்.

ஆறு குதிரைகள் குதிரையேற்றப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைச் சுமந்து தங்கள் தீனியைத் தாங்களே சம்பாதிக்கின்றன. ஏழாவது நம் கொட்டாவி. கிழவன், இனி முதுகில் யாரையும் ஏற்ற முடியாது. ஆனால் அவன் என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருப்பவன், அவனை விட்டுவிடு. மிச்சம் உன் சீமாட்டி. கொள்ளு என்றால் வாயைத் திறப்பாள், கடிவாளம் என்றால் மூடிக்கொள்வாள். குட்டிக்காக வளர்க்கிறேன் என்று ஒருவர் வந்து அவளைக் கேட்டார். பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். உன் குதிரை, உன் முடிவு. ஒரு வரி எழுது, போதும்.

அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். முடியாது.

மற்ற வரிகள் உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், வாய்க்கால் ஓரம் நூறு ஏக்கர் புல் வளர்க்கும் பண்ணைக்காரரிடம் முன்பணம் கட்டி வைப்போம், வறட்சி வந்தால் நமக்கு முதலில் கிடைக்கும் என்று நான் சொன்னேன். "நின்னுக்கிட்டு இருக்கிற புல்லுக்கு எவளாவது பணம் குடுப்பாளா?" என்று பிள்ளைகளின் பெற்றோர் எதிரிலேயே கேட்டீர்கள். அன்றைக்குத்தான் நான் பெட்டியைக் கட்டினேன். இன்று தீவன ஆலையில் எடை மேடைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று மூட்டை எண்ணுகிறேன். இதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க நினைத்தேன். முடியவில்லை.

சொல்லிக் காட்டியாயிற்று. இனி வேலை.

கட்டுக் கணக்கில் போடாதீர்கள், எடை போட்டுப் போடுங்கள். இந்தக் கடிதத்தோடு தொங்கு தராசு ஒன்று அனுப்புகிறேன். விலை ஏறும்போது கட்டு இளைக்கும். அது இந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். தரையில் புல்லைப் போடாதீர்கள், கால்வாசி மிதிபட்டுத்தான் போகிறது. சிறு கண் வலையில் அடைத்துத் தொங்கவிடுங்கள், மெதுவாகத் தின்னும், சிந்தாது. வேலை செய்யாத நாளில் கொள்ளு வேண்டாம். நல்ல வைக்கோல் கிடைத்தால் நாலில் ஒரு பங்கு கலக்கலாம். தண்ணீர் மட்டும் எப்போதும் குறையக் கூடாது.

சீமாட்டியை யாருக்கும் கொடுக்க மாட்டேன். என் முதல் சம்பளத்தில் வாங்கியவள் அவள். போன தடவை நான் வந்தபோதே கொஞ்சம் இளைத்திருந்தாள். அவள் விலா எலும்பு தெரிந்தது என்று யாராவது சொன்னால், அண்ணி, நான் காகிதத்திலும் கத்துவேன்.

நாத்தனார்


மார்ச் 2

நாத்தனாருக்கு,

தராசு வந்தது. நீ சொன்னது சரிதான், போதுமா? பதினைந்து கிலோ இருந்த கட்டு இப்போது பதினொன்று. உருவம் அதே உருவம், எடை மட்டும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. இத்தனை நாளும் நான் ஐந்து கட்டு போட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன், குதிரைகள் நாலு கட்டுதான் தின்றிருக்கின்றன. வியாபாரியைக் கூப்பிட்டு தராசில் தொங்கவிட்டுக் காட்டினேன். "அக்கா, மிஷின்லயே அப்படித்தான் வருது" என்றான். "அப்ப காசையும் மிஷின்லயே வாங்கிக்கோ" என்றேன். இனி எடைக்குத்தான் காசு என்று ஒத்துக்கொண்டான்.

வலைக்குப் பழைய மீன்வலை வாங்கினேன். உன் அண்ணன் பஸ் ஓட்டிவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து வலை முடைகிறார். அவருக்கு இவ்வளவு பொறுமை இருப்பது தெரியாமலே பதினாறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். நம் இருவருக்கும் நடுவில் மத்தளம் போல இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு அவர் வாய் திறப்பதில்லை.

புல் தட்டுப்பாடு என்று வாசலில் ஒரு பலகை வைத்தேன். அது நான் செய்த தப்பு. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பாசத்தோடு தோட்டத்தில் மிஷினால் வெட்டிய ஈரப்புல்லை மூட்டை மூட்டையாக வேலிக்கு உள்ளே கொட்டிவிட்டுப் போனார்கள். கையை விட்டால் உள்ளே கொதிக்கிறது. அதைத் தின்றால் குதிரை பிழைக்காது. அத்தனையையும் நானே வாரி வெளியே போட்டேன். கொட்டிய ஒரு அம்மாவுக்கு என்மேல் கோபம். "நல்லதுக்குக் காலமே இல்ல" என்று போகிறார். பலகையை மாற்றி எழுதிவிட்டேன்: காய்ந்தது மட்டும்.

உன் சீமாட்டி நன்றாக இருக்கிறாள். விலா தெரியவில்லை. கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உனக்கு முதலில் எழுதும்போது இவளை அனுப்பிவிட்டால் போதும் என்றுதான் இருந்தது. அவர் கயிற்றோடு வாசலில் நின்றபோது மனசு கேட்கவில்லை. ஒன்றை அனுப்பினால் அடுத்ததை அனுப்பக் கை கூசாது. எட்டும் மழையைப் பார்க்கும். எழுதி வைத்துக்கொள்.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

அண்ணன் போன் செய்தார். "ஒரு குதிர படுத்துடுச்சும்மா, டாக்டர் வந்திருக்காரு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நேற்றிலிருந்து நானும் உங்கள் எண்ணுக்கு அடிக்கிறேன். நீங்களும் எடுக்கவில்லை. எடுக்க முகம் இருந்தால்தானே!

எது படுத்தது என்று அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? சம்பாதிக்கிற ஆறுக்கும் நல்ல புல், உங்கள் செல்லக் கிழவனுக்கும் நல்ல புல், வேண்டாத நாத்தனாரின் வேண்டாத குதிரைக்கு வைக்கோல். நாலில் ஒரு பங்கு என்று நான் எழுதியதை நாலு பங்கும் என்று படித்துக்கொண்டீர்களா? நன்றாக இருக்கிறாள், விலா தெரியவில்லை என்று எவ்வளவு அழகாக எழுதினீர்கள்! அவள் வந்த நாளிலிருந்தே உங்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. என்னைக் கண்டாலும் ஆகாது. என்னைக் கிளப்பிவிட்டீர்கள், இப்போது அவளையும் கிளப்பப் பார்க்கிறீர்கள்.

ஆலையில் லீவு கேட்டிருக்கிறேன். கணக்கு முடிக்கும் மாதம், கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இனி எனக்கு அண்ணன் வீடு என்று ஒன்று இல்லை.

நாத்தனார்


மார்ச் 19

படுத்தது சீமாட்டி இல்லை. கொட்டாவி.

போனை எடுக்கவில்லை என்றாயே. ஒரு கையில் அவன் கயிறு, ஒரு கையில் வாளி, உன் அண்ணன் கையில் டாக்டர் கொடுத்த இவ்வளவு பெரிய எண்ணெய்ப் புட்டி. போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து கிடந்தது. அவருடைய போனில் சார்ஜ் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பேர்தான் இரண்டு போன்.

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். வைக்கோல் கலந்தது எல்லாம் சரியான அளவுதான், ஆறுக்கும் எடை போட்டுத்தான் போட்டேன். நல்ல புல் மிகக் குறைந்தபோது, உன் குதிரைக்கு மட்டும் வைக்கோல் ஒரு துளிகூடக் கலக்கவில்லை. விலா தெரிந்தால் கத்துவேன் என்று எழுதியிருந்தாயே. புல்லைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த வரிதான் என் காதில் கேட்டது. அவளுக்குக் கொடுத்தது எங்கிருந்தோ குறைய வேண்டும் இல்லையா? கொட்டாவியின் பங்கில் குறைத்தேன். அவன் என் குதிரை. அவன் இளைத்தால் என்னைக் கேட்க யாரும் இல்லை, நானே என்னைக் கேட்டுக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

அவனுக்கு இருபத்தாறு வயது. கடைவாய்ப் பல் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. லாடம் அடிப்பவர் போன மாதமே, "கிழவன் மென்னு மென்னு உருண்டையா துப்பறான், பாத்துக்கோங்கம்மா" என்று சொன்னார். பார்த்துக்கொண்டேன் என்றுதான் சொன்னேன். மெல்ல முடியாதவனுக்குப் பாதிக்கு மேல் வைக்கோலைப் போட்டுவிட்டு, உனக்குப் பதில் சொல்லத் தயாராக உன் குதிரையைக் கொழுக்க வைத்துக்கொண்டிருந்தேன். குதிரையின் வாயைப் பார்த்துத் தீனி போடுவது இந்தத் தொழிலின் முதல் பாடம். நான் உன் வாயைப் பார்த்துப் போட்டேன்.

மத்தியானம் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு படுத்துவிட்டான். குடல் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். இன்று சாயங்காலம் வரை பார்ப்போம், அதற்கு மேல் அவனைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அந்த "வேண்டாம்" என்ன என்று எனக்குத் தெரியும். நானும் உன் அண்ணனும் மாற்றி மாற்றி அவனை நடத்தினோம். நடத்திக்கொண்டே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன். ஆறு மணிக்கு லத்தி போட்டான். நான்கே நான்கு உருண்டை. டாக்டர், உன் அண்ணன், லாடம் அடிப்பவர், நான் எல்லோரும் கைதட்டினோம். இவ்வளவு மரியாதை அவனுக்குப் பந்தயத்தில் ஓடியபோதும் கிடைத்ததில்லை.

பிழைத்துக்கொண்டான். ஆனால் இனி அவனால் புல்லோ வைக்கோலோ தின்ன முடியாது, எல்லாவற்றையும் ஊறவைத்துக் கூழாகத்தான் கொடுக்க வேண்டுமாம்.

உனக்கு அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணி ஒரு முட்டாள், அவ்வளவுதான்.


மார்ச் 24

அண்ணி,

உங்கள் கடிதத்தை எடை மேடைப் பக்கத்தில் நின்று படித்தேன். அடுத்த மூட்டையின் எடையை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். மேற்பார்வையாளர், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

நான் எழுதியது கேவலமான கடிதம். அதை எரித்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், வைத்திருங்கள். அடுத்த முறை நான் வாயைத் திறக்கும்போது எடுத்துக் காட்டுங்கள். கொட்டாவிதான் எனக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்தவன். என் மிரட்டலால் அவன் படுத்தான் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இந்த லாரியில் நாலு மூட்டை புல் வில்லை வருகிறது, காய்ந்த புல்லை அரைத்து அழுத்திச் செய்தது. ஆலையில் உடைந்தவற்றைப் பணியாட்களுக்குக் குறைந்த விலைக்குத் தருவார்கள். ஒரு பங்கு வில்லைக்கு மூன்று பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு மணி நேரம் ஊற வேண்டும், கையால் பிசைந்தால் கட்டி இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மாதா மாதம் அனுப்புகிறேன். அவன் பொறுப்பு இனி என்னுடையது.

அடுத்ததைக் கேட்டுக் கத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வாய்க்கால் பண்ணைக்காரரைப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே நின்று, இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த பெண் நான்தான் என்றேன். வாய்க்கால் தண்ணீரால் அவருக்குப் புல் நிற்கிறது. ஆனால் அறுக்க ஆளில்லை, எல்லோரும் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். நாம் அறுத்துக் காயவைத்துக் கட்டினால் பாதி நமக்கு, பாதி அவருக்கு. இரண்டு வெட்டு. பேசி முடித்தேன்.

அப்படியும் கணக்குப் போட்டால் ஒரு வாய் கூடுதலாக இருக்கிறது. அதையும் பேசி முடித்தேன். சீமாட்டி அவருடைய வாய்க்கால் கரையில் மேயட்டும். பிறக்கும் முதல் குட்டி அவருக்கு. மழைக்குப் பிறகு அவள் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம், அது அவர் விருப்பம். உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் உங்கள் தட்டில் இருக்கும் சோற்றையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு வேண்டாம் என்பீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 13

ஏய்,

உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள் கத்தினேன். நீ இல்லாததால் உன் அண்ணனிடம் கத்தினேன். எட்டும் மழையைப் பார்க்கும் என்று எழுதினேனே, என் வாக்கை உடைக்க நீ யார்? முதலில் அவளை அனுப்பு என்றவள் நான், முடியாது என்றவள் நீ. இப்போது நீ அனுப்பு என்கிறாய், நான் முடியாது என்கிறேன். "நீங்க ரெண்டு பேரும் எடத்த மாத்திக்கிட்டீங்க, சண்ட மட்டும் அப்படியே இருக்கு" என்றார் உன் அண்ணன். பதினாறு வருடத்தில் அவர் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை. மூன்றாவது நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. அவளை நானே வண்டியில் ஏற்றினேன். உதைத்தாள். தொடையில் இன்னும் நீலமாக இருக்கிறது.

முதல் வெட்டு முடிந்தது. உன் அண்ணன் ஒரு வாரம் லீவு போட்டார். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் நாலு பேர் தாங்களாகவே வந்தார்கள். ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் பல் டாக்டர், மற்ற இருவர் கம்ப்யூட்டர். முதல் நாள் பத்து மணிக்கே எல்லோர் உள்ளங்கையிலும் கொப்புளம். ஆனால் யாரும் ஓடவில்லை. அறுத்ததைத் திருப்பிப் போட்டு, மறுபடி திருப்பி, மூன்று நாள் காய்ந்த பிறகும் பண்ணைக்காரர் கட்ட விடவில்லை. ஒரு பிடியை எடுத்து முறுக்கினால் நொறுங்க வேண்டும், நொறுங்காததைக் கட்டினால் கொட்டகையே பற்றிக்கொள்ளும் என்றார். நான்காவது நாள் நொறுங்கியது. நம் பங்கு நூற்றுத் தொண்ணூறு கட்டு, ஒவ்வொன்றும் நிஜமான பதினைந்து கிலோ. கொட்டகையைத் திறந்தால் வரும் வாசனைக்கே நான் இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்பேன். கொட்டாவி உன் கூழைக் குடித்துவிட்டு மூக்கு வரைக்கும் பூசிக்கொண்டு நிற்கிறான்.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

சீமாட்டி போன இரண்டாம் நாள் பண்ணைக்காரர் கூப்பிட்டார். "உங்க குதிர ஒரு வாய் புல் தொடலைங்க. சுத்தியும் பச்சையா நிக்குது, இது கேட்டையே பாத்துக்கிட்டு நிக்குது." உடனே பஸ் ஏறினேன். கூட்டத்தைப் பிரிந்த ஏக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். நான் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி நீட்டினேன். வந்து தின்றாள். இன்னொரு பிடி. தின்றாள். கையில் இல்லாவிட்டால் தொடமாட்டேன் என்கிறாள்.

தப்பு என்னுடையது. வலையில் போட்டதைத் தின்ன மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தபோது, இளைத்துவிடுவாளோ என்ற பயத்தில் ஒரு மாதத்துக்கு மேல் காலையும் மாலையும் உட்கார்ந்து கையிலேயே கொடுத்தேன். உனக்கு எழுதவில்லை. செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்பாய். அந்த வாய்க்கால் கரையில் அன்று நாள் முழுக்க இருந்தேன். கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே போனேன். கடைசியில் பிடுங்கவே இல்லை, தரையில் நிற்கும் புல்லையே கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவளாகக் கடித்து இழுத்தாள். கையை எடுத்துவிட்டேன். அவள் மேய்ந்துகொண்டே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இத்தனை கடிதத்திலும் உன் குதிரை, உன் குதிரை என்று எழுதினேன். இனி அப்படி எழுதக் கை வர மாட்டேன் என்கிறது. சண்டைக்கு வருவதானால் வா.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

படித்ததும் பொறாமையாக இருந்தது. என் கையில் ஒரு நாளும் அவள் அமைதியாக நின்று தின்றதில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடுவாள்.

இரண்டாவது வெட்டுக்கு ஆலையில் பத்து நாள் லீவு கொடுத்துவிட்டார்கள். கொடுக்காவிட்டாலும் வந்திருப்பேன். வியாழக்கிழமை நேராகப் பண்ணைக்கே வந்துவிடுகிறேன். வங்கி அதிகாரிக்கும் பல் டாக்டருக்கும் சேர்த்துக் கையுறை வாங்கியிருக்கிறேன். இந்த முறை இருநூறு கட்டுக்குக் குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஆறுக்கும் மழை வரை போதும், கொட்டாவிக்கு என் வில்லை இருக்கிறது. நான் கணக்குப் போட்டுவிட்டேன், நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், நாம் இருவரும் ஒரே விடை சொன்னால்தான் அது சரி.

கரையில் நாம் இரண்டு பேரும் நிற்போம். அவள் உங்களிடம்தான் வருவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீங்கள் அதைப் பார்க்காதது போல இருந்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்